நாக்கில் குத்தும் முன் நாள் பாருங்கள்: குமரி மாவட்டத்தில் பியர்சிங் செய்யப்போகிறவர்களுக்கு

குழந்தைக்குக் காது குத்துவதென்றால் நாள் பார்ப்பார்கள், தாய்மாமனுக்குச் சொல்லிவிடுவார்கள், தட்டாரிடம் முன்கூட்டியே பேசி வைப்பார்கள். அதே குழந்தை வளர்ந்து காலேஜுக்குப் போகிற வயதில் நாக்கிலோ உதட்டிலோ மேல்காதிலோ குத்திக்கொள்ள நினைக்கும்போது செய்கிற ஒரே ஏற்பாடு, போனில் நாலு படம் சேமித்து வைப்பதுதான். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சினிமாவுக்குப் போகிற வழியில் ஒரு பார்லர் கண்ணில் பட்டால் உடனே உள்ளே நுழைந்துவிடுகிறார்கள்.

குத்துவது ஒரு நிமிட வேலை. ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களை முதலில் திட்டமிட்டுவிட்டுக் கடைக்குப் போனால் பாதித் தொல்லை வராது. வாய்க்குள் குத்துவதைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

நாட்காட்டியை எடுங்கள்

காதின் கீழ்மடல் ஆற 6 முதல் 8 வாரம். நாக்கு 4 முதல் 6 வாரம், உதடு 6 முதல் 8 வாரம். மூக்கு மடலுக்கு 2 முதல் 4 மாதம். மேல்காதில் குருத்தெலும்பைத் துளைத்தால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், தொப்புளுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். வெளித்தோல் ஆறிவிட்ட மாதிரித் தெரியும், உள்ளே ஆறியிருக்காது. ஏமாறுவது அங்கேதான்.

இந்த நாட்களுக்குள் என்னென்ன வருகிறது என்று பாருங்கள். குளச்சலிலோ முட்டத்திலோ கடலில் இறங்கும் உத்தேசம், திற்பரப்பு அருவிக்குப் போகிற டூர், வீட்டுக் கல்யாணம், செமஸ்டர் தேர்வு எல்லாம் கணக்கில் வரவேண்டும். கடல்தண்ணீர் உப்புதானே, புண்ணுக்கு நல்லதுதானே என்று கடற்கரை ஊர்களில் கேட்பார்கள். கடல்நீரில் உப்பு புண் தாங்குகிற அளவைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு அதிகம். அதோடு கிருமியும் சாக்கடையும் படகு டீசலும் சேர்ந்தே இருக்கும். ஆறும்வரை கடல், ஆறு, குளம், அருவி நான்கும் வேண்டாம். தினமும் பைக் ஓட்டுபவர் மேல்காதில் குத்தினால் ஹெல்மெட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் வலி தெரியும், காயம் ஆறவும் விடாது. அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலைப் பொள்ள வைக்கும், அந்தக் கையால் புண்ணைத் தொடவே கூடாது.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு பெரிய காரணம் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், அடுத்தவர் விசாவுக்குக் காத்திருக்கிறார். அந்த விசா மெடிக்கலில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி மூன்றையும் பார்க்கிறார்கள். ஒன்றில் பாசிட்டிவ் வந்தாலும் 'அன்ஃபிட்'தான். இந்த மூன்றும் அடுத்தவர் ரத்தம் பட்ட ஊசியால் பரவக்கூடியவை. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த ரத்தத்துளியில்கூடக் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். துடைத்து வைத்த ஊசி சுத்தமான ஊசி ஆகிவிடாது. நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் விசாவை இழக்க வேண்டாம். ராணுவத்துக்குத் தயாராகிறவர்கள் டாட்டூ விஷயத்திலும் கவனியுங்கள். பழங்குடியினருக்கு விதிவிலக்கு உண்டு. மற்றவர்களுக்கு முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறு எங்கே நிரந்தரப் பச்சை இருந்தாலும் தேர்வில் தள்ளிவிடுவார்கள்.

நாள் குறித்ததும் அடுத்த வேலை ஊசி. டி.டி. போட்டுப் பத்து வருடம் தாண்டிவிட்டதென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடு முழுக்கக் குழந்தைகளுக்கான அட்டவணையில் வந்தது 2011-ல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் பலர் போட்டிருக்க மாட்டார்கள். பெரியவர்களுக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி. மூன்றும் முடிந்த பிறகு குத்துவதுதான் நல்லது. கைக்குழந்தைக்குக் காது குத்துபவர்களும் 6, 10, 14 வார ஊசிகள் மூன்றும் முடியட்டும் என்று காத்திருக்கலாம். தாய்மாமன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

யார் தள்ளிப்போட வேண்டும்

இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள், ருமாட்டிக் காய்ச்சல் வந்து 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுபவர்கள் வாய்க்குள் குத்தவே கூடாது. வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் போய் உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். பழைய தழும்பு, தடுப்பூசித் தழும்பு ஏதாவது தடித்துப் பெரிதாகி வளர்ந்திருந்தால் உங்களுக்குக் கீலாய்டு வரும் உடம்பு. மேல்காதில் குத்தினால் சுண்டைக்காய் அளவுக் கட்டி வளரலாம். வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும். கருத்த தோல் உள்ள நமக்கு இது அதிகம்.

வாய்க்குள் குத்துவது வேறு கதை

காதில் வருகிற தொல்லை பெரும்பாலும் காதோடு நிற்கும். வாயில் அப்படி இல்லை. நாக்கின் இரு பக்கமும் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, நரம்புகளும் ஓடுகின்றன. நடுக்கோட்டை விட்டு விலகிக் குத்திவிட்டால் ரத்தம் நிற்காது, அல்லது ருசியும் உணர்ச்சியும் மரத்துப் போகும். சரியாகக் குத்தினாலும் மூன்று முதல் ஐந்து நாள்வரை நாக்கு வீங்கும். அதனால்தான் முதலில் போடும் கம்பி நீளமாக இருக்கவேண்டும். குட்டைக் கம்பி போட்டால் வீங்கிய நாக்கு அதன் முனையிலிருக்கும் குண்டை விழுங்கிவிடும், அப்புறம் கீறித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தொற்று கீழ்த்தாடைக்கு அடியில் இறங்கினால் கழுத்து பலகை மாதிரி இறுகி மூச்சுக்குழாயை அடைக்கும். அபூர்வம்தான், ஆனால் மணிக்கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும்.

இதெல்லாம் தப்பிப் பிழைத்தவர்களுக்கும் ஒன்று மிச்சமிருக்கிறது. நாக்கில் கம்பி இருந்தால் அதை உருட்டாமல் யாராலும் இருக்க முடியாது. படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, தூக்கத்தில்கூட அந்தக் குண்டு கீழ் முன்பற்களின் உட்புறம் தட்டிக்கொண்டே இருக்கும். வருடங்கள் போகப் போகப் பல்லில் விரிசல் விழும், முனை உடையும், ஈறு கீழே இறங்கி வேர் தெரிய ஆரம்பிக்கும். கீழுதட்டில் போடும் ஸ்டட்டின் தட்டை முனை இதே வேலையை வெளிப்பக்கத்து ஈறில் செய்யும். இறங்கிய ஈறு தானாக மேலே ஏறாது. வேறிடத்திலிருந்து சதை எடுத்து ஒட்டுவது மட்டுமே வழி. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வாய்க்குள் குத்துவதையே வேண்டாம் என்கிறது. என் கருத்தும் அதுதான். மூக்கும் காதும் இருக்க நாக்கு எதற்கு?

அப்படியும் குத்தித்தான் தீருவேன் என்றால், குத்துவதற்கு முன் ஒரு பல் மருத்துவரிடம் போய் நாக்கின் அடியில் ரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது, ஈறு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஈறில் ரத்தம் கசிந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றது.

நாக்கைப் பாம்பு மாதிரி இரண்டாகப் பிளப்பது பற்றியும் இளவட்டங்கள் கேட்கிறார்கள். அது அறுவை சிகிச்சை. பார்லரில் செய்வதற்கு யாருக்கும் அனுமதி கிடையாது. 2024 டிசம்பரில் திருச்சியில் இப்படிச் செய்த டாட்டூக் கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது, இரண்டு பேரைப் போலீஸ் கைது செய்தது. கடைக்காரர் மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுத்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

பல்லில் கல் ஒட்டுவது இவற்றில் குறைந்த ஆபத்து. பல் மருத்துவர் செய்தால் பல்லைத் துளைக்காமல், பிரேசஸ் ஒட்டுகிற அதே பசையால் ஒட்டுவார். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். நகத்துக்கு ஒட்டும் பசையாலோ பெவிக்விக்காலோ ஒட்டுகிற இடங்களுக்குப் போகாதீர்கள். ஒட்டிய கல்லைச் சுற்றி அழுக்கு தங்கும், அங்கே பிரஷ் கூடுதலாகப் போகவேண்டும்.

கடையைத் தேர்ந்தெடுக்க

குத்த வேண்டிய நாளுக்கு முன்னால் ஒருநாள் சும்மா போய்ப் பாருங்கள். கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: ஊசி ஒருமுறை பயன்படுத்தும் சீல் வைத்த பாக்கெட்டா, அதை என் கண்முன் பிரிப்பீர்களா? ஆட்டோகிளேவ் இருக்கிறதா? 121 டிகிரி நீராவியில் அழுத்தத்தோடு 15 நிமிடமாவது இருந்தால்தான் கருவி சுத்தமாகும். வெந்நீரில் போட்டேன், டெட்டாலில் ஊறவைத்தேன், தீயில் காட்டினேன் என்ற பதில்கள் வந்தால் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். பயன்படுத்திய ஊசியைத் தனி டப்பாவில் போடுகிறார்களா என்றும் பாருங்கள். கேள்வி கேட்டதற்கு முகம் சுளிக்கும் கடை வேண்டாம். உள்ளாட்சியின் வணிக உரிமம் சுவரில் தொங்கலாம், அது ஊசி சுத்தத்துக்குச் சான்று அல்ல.

'கன்' வைத்துக் குத்துவதை மேல்காதுக்கும் மூக்குக்கும் சம்மதிக்காதீர்கள், வாய்க்குக் கேட்கவே வேண்டாம். அது மழுங்கிய ஸ்டட்டை வேகமாகத் திணிக்கும் கருவி, குருத்தெலும்பு நசுங்கும். பெரும்பாலான கன்களின் பிளாஸ்டிக் உடலை ஆட்டோகிளேவில் வைக்கவும் முடியாது. நசுங்கிய குருத்தெலும்பில் தொற்று ஏறினால் காது சுருங்கி உருவம் மாறிப்போகும். அப்புறம் திருவிழாக் கடைகள். மண்டைக்காடு கொடையிலும் கன்னியாகுமரி சீசனிலும் வளையல் கடைக்குப் பக்கத்திலேயே டாட்டூ மெஷினும் ஊசியும் இருக்கும். கை கழுவக் குழாய்கூட இல்லாத இடத்தில் வளையல் மட்டும் வாங்குங்கள்.

கீழ்மடலுக்கு மட்டும் என்றால் பழக்கமான தட்டாரும் போதும், புதுக் கம்பி, கழுவிய கை, கையுறை மூன்றும் இருக்குமானால். காது மூக்கு தொண்டை டாக்டர்கள் சிலரும் தோல் டாக்டர்கள் சிலரும் குத்திவிடுகிறார்கள். கொஞ்சம் கூடுதல் செலவு, அவ்வளவே.

உலோகத்தில் கவனம் வேண்டும். முதல் நகை கவரிங் ஆகவே கூடாது. அதிலுள்ள நிக்கல் அரிப்பும் நீர்வடிதலும் தரும், பலர் அதைத் தொற்று என்று நினைத்துத் தப்பான மருந்து போடுவார்கள். உடம்புக்குள் பொருத்தும் தரமுள்ள டைட்டானியம்தான் முதல் தேர்வு. காதுக்கு 916 தங்கம் ஒத்துக்கொள்ளும். ஆனால் அது மெதுவானது, கீறல் விழும், திருகும் தேயும். நாக்குக்குத் தங்கக் கம்பி செய்து தரச் சொல்லாதீர்கள்.

நாக்கு, உதடு: முதல் இரண்டு வாரம்

முதல் நாள் பேச்சைக் குறையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் காய்ச்சி ஆறிய தண்ணீரில் உறையவைத்த சின்ன ஐஸ் துண்டுகளை வாயில் கரையவிடுங்கள். தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்கள். சாப்பாடு ஆறிய கஞ்சி, மோர், தயிர், நன்றாகக் கனிந்த மட்டிப்பழம், இளநீர். மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது வேறு விஷயம், புண்பட்ட வாய்க்கு அதைவிட மெதுவான பழம் நம் ஊரில் இல்லை. மீன்குழம்பு இரண்டு வாரம் வேண்டாம். புளியும் மிளகாயும் எரிக்கும் என்பது ஒரு பக்கம், முள்ளை நாக்காலேயே பிரித்தெடுக்கிற நம் பழக்கம் கம்பியோடு ஒத்துவராது. கொதிக்கிற டீயும் வேண்டாம். சிகரெட், வெற்றிலை பாக்கு, மது, முத்தம் நாலுக்கும் தடை.

ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும், தூங்கும் முன்பும் உப்புத்தண்ணீரில் வாய் கொப்புளியுங்கள். காய்ச்சி ஆறிய ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் தூள் உப்பு. புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு குழம்புக்கு அருமை, இதற்கு அளவும் சரிவராது, மண்ணும் கலந்திருக்கும். உப்பு கூடினால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்து அள்ளிப் போடாதீர்கள், புண் வறண்டுவிடும். மவுத்வாஷ் வாங்கினால் ஆல்கஹால் இல்லாதது. குளோர்ஹெக்சிடின் டாக்டர் சொன்ன நாள்வரை மட்டும், நீண்ட நாள் போட்டால் பல்லில் பழுப்பு ஏறும். புது மென்மையான பிரஷ் ஒன்று வாங்கிவிடுங்கள். மலையோரத்து வீடுகளில் பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தொடுவார்கள். அதைப் புது ஓட்டையில் வைத்தால் பச்சைச் சதை வெந்துபோகும்.

வெண்மையான நீர் வடிவதும் மெல்லிய மஞ்சள் படலமும் சாதாரணம். தினமும் கை கழுவிவிட்டுக் கம்பியின் இரு குண்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். வீக்கம் முழுக்க வடிந்த பிறகு, இரண்டு முதல் நாலு வாரத்துக்குள், குத்தியவரிடமே போய்க் குட்டைக் கம்பி மாற்றவேண்டும். இதைப் பலர் மறந்துவிடுவார்கள். பல்லை உடைப்பது அந்த மறந்துபோன நீளக் கம்பிதான். வருடத்துக்கு இரண்டு முறை பல் மருத்துவரிடம் ஈறைக் காட்டுங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று அவர் சொன்ன அன்றே கழற்றிவிடுங்கள்.

காது, மூக்கு, தொப்புள்

இங்கே வேலை குறைவு, பொறுமைதான் அதிகம் வேண்டும். மருந்துக்கடையில் நார்மல் சலைன் சின்ன பாட்டில் கிடைக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை சுத்தமான துணியில் நனைத்து ஒற்றி, உலரவிடுங்கள். திறந்த பாட்டிலை ஒரு நாளைக்கு மேல் வைக்கவேண்டாம். நகையைச் சுழற்றாதீர்கள். தினமும் திருகிவிடு, இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பாட்டிமார் சொல்வார்கள், சுழற்றினால் உள்ளே ஆறிவரும் தோல் கிழியும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், சாம்பல், டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். மூக்குத்திக்குப் பதில் வேப்ப ஈர்க்கு வைப்பதும் வேண்டாம். அந்தக் காலத்தில் டைட்டானியம் இல்லை, ஈர்க்கு வைத்தார்கள்.

காது ஓட்டையைப் பெரிதாக்கும் ஆசை உள்ளவர்கள் பாம்படம் போட்ட பாட்டிகளிடம் பாடம் கேட்கலாம், அந்தத் தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் குறைவு. பஞ்சு, பிறகு பனையோலைச் சுருள், பிறகு ஈயக் குணுக்கு என்று மெல்ல மெல்ல வடித்தார்கள். இன்று கூம்பு வாங்கி ஒரே வாரத்தில் மூன்று அளவு ஏற்றுகிறார்கள், மடல் கிழிகிறது. ஒரு அளவுக்கும் அடுத்ததுக்கும் குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். ரத்தம் வந்தால் பழைய அளவுக்குத் திரும்புங்கள். ஓரளவுக்கு மேல் போன மடல் தானாகச் சுருங்காது, தையல் போட்டுத்தான் சரிசெய்ய முடியும்.

வேல் தரிப்பவர்களுக்கு

குமாரகோவிலுக்கும் திருச்செந்தூருக்கும் காவடி எடுத்துக் கன்னத்திலும் நாக்கிலும் வேல் தரிப்பவர்கள் இதை ஃபேஷனோடு சேர்த்துப் பேசுவதை விரும்ப மாட்டார்கள், நியாயம்தான். ஆனால் கிருமிக்கு விரதம் தெரியாது. ஒருவருக்கு ஒரு வேல், அதுவும் தனக்கென்று வாங்கியது. சிறிய வேலானால் தெரிந்த பல் மருத்துவரிடம் முன்கூட்டியே கொடுத்து ஆட்டோகிளேவில் வைத்து, பாக்கெட்டோடு வாங்கிவந்து குத்தும் நேரத்தில் பிரிக்கலாம். குத்துகிறவர் ஒவ்வொருவருக்கும் கையுறையை மாற்றவேண்டும். திருநீறு நெற்றியில் இருக்கட்டும், வேலை எடுத்த பிறகு புண்ணுக்குள் வைக்கவேண்டாம். சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும். டி.டி. ஊசியை மாலை போடும் அன்றே போட்டு வைப்பது வசதி.

எப்போது ஓட வேண்டும்

நாக்கு வீங்கி எச்சில் விழுங்க முடியவில்லை, வாயோரம் எச்சில் வழிகிறது, தாடைக்கு அடியில் இறுகுகிறது, பேச்சு குழறுகிறது, மூச்சு இழுக்கிறது என்றால் காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், மேற்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எது அருகிலோ அங்கே. குண்டு கழன்று விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும், டாக்டரிடம் சொல்லிவிட்டால் போதும். விடாத இருமல் வந்தால் மூச்சுக்குழாயில் போயிருக்கலாம், அது அவசரம்.

பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தம், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பச்சையாக நாறும் சீழ், புண்ணிலிருந்து கோடு மாதிரிப் பரவும் சிவப்பு, மேல்காது முழுக்கச் சூடாகிச் சிவந்து வீங்குவது, இவற்றுக்கு அன்றே டாக்டர். நீங்களாக நகையைக் கழற்றாதீர்கள். ஓட்டை மூடிக்கொண்டால் சீழ் உள்ளே தங்கிவிடும். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் விழுங்குவதும் வேண்டாம். மேல்காதுத் தொற்றுக்குக் காரணமான கிருமிக்கு வழக்கமான மாத்திரைகள் வேலை செய்வதில்லை. அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104-ல் கேட்கலாம். சில வாரங்கள் கழித்துக் கண் மஞ்சளாகி, சிறுநீர் கருத்து, பசி போனால் குத்திய தேதியை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குத்திய நாளிலிருந்து 12 மாதம் ரத்ததானம் செய்யக்கூடாது, டாட்டூவுக்கும் அதேதான். காலேஜில் ரத்ததான முகாம் வைக்கும்போது வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம், ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். ஆபரேஷனுக்கோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கோ போனால் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். ஓட்டை மூடிவிடும் என்ற பயமிருந்தால் பிளாஸ்டிக் ரீடெய்னர் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நாக்கு ஓட்டை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பித்துவிடும்.